பதின்மூன்றாவது புதர்

அத்தியாயம் 6

“உண்ணிச்செடிக்குத் தண்ணி ஊத்துறாய்ங்கக்கா,” என்றாள் சுருளியம்மாள்.

மகாராணி இட்லியைச் சட்னியில் தொட்ட கையோடு நிமிர்ந்தாள். போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், ‘மகாராணி துப்பறியும் நிலையம்’ என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் எத்தனையோ கதை கேட்டிருக்கிறாள். ஓடிப்போன மருமகன், காணாமல்போன ஏலக்காய் மூட்டை, ஒரே வீட்டை மூன்று பேருக்கு விற்ற மைத்துனன். உண்ணிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனைப் பற்றி இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட செடி அது. வெட்டினால் தழைக்கும், கொளுத்தினால் முளைக்கும். மலையடிவாரத்தில் பாதியைத் தின்று தீர்த்துவிட்டு மீதிப் பாதிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது.

“அதுக்குத் தண்ணி ஊத்துறவன் கிறுக்கனா இருக்கணும்,” என்றான் சுடலை. “இல்லேன்னா ஏதாச்சும் சங்கத்துக்குத் தலைவரா இருக்கணும்.”

சுடலை ஜீப்பு டிரைவர். மகாராணியின் உதவியாளன் என்று அவனாகவே ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறான். மகாராணி அதை மறுத்ததில்லை, ஜீப்பு அவனுடையது. அவளோ இருபத்திரண்டு வருஷம் ஏலக்காய் பொறுக்கியவள். சாயம் ஏற்றிய காயைச் சாக்குக்கு வெளியே நின்றே கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொன்னதற்காக வேலையிலிருந்து துரத்தப்பட்டாள். காயைவிட மனிதர்களில்தான் சாயம் ஏற்றியது அதிகம் என்பது அவளுடைய கட்சி.

“மொதல்ல இருந்து சொல்லு சுருளி. அழுகை எல்லாம் பெறகு.”

சுருளியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். முந்தலுக்கு மேலே வெள்ளைப்பாறை ஓடை. அதன் கரையில் அரை மைலுக்கு மண்டிக்கிடந்த உண்ணிச்செடியை வேரோடு தோண்டி எறிந்துவிட்டு, ஆதியில் அங்கே இருந்த நீர்மருது, புங்கை, அத்தி, நாவல் என்று அறுநூறு கன்று வைத்தவள் அவள். இரண்டு வருஷ உழைப்பு. சம்பளம் கொடுப்பது மலையாறு மீட்புச் சங்கம். கன்றுகள் வளர்ந்து நிழல் வந்தது, நிழலுக்கு நண்டு வந்தது, நண்டைத் தேடி நீர்நாய் வந்தது. நாடு முழுக்க அருகிக்கொண்டு வரும் அந்தப் பிராணி, போன மாதம் கரைப் பொந்து ஒன்றில் மூன்று குட்டி போட்டது. இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

எட்டு நாளைக்கு முன்னால் சங்கத் தலைவர் கோட்டைச்சாமி அவளைக் கூப்பிட்டு, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு ராசிங்காபுரத்தில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கேட்காமலே லீவு. திரும்பி வந்து பார்த்தால் சுத்தமாக இருந்த கரையில் பன்னிரண்டு உண்ணிப் புதர்கள் நின்றன. அந்த இடங்களில் அவள் வைத்திருந்த பன்னிரண்டு கன்றுகளைக் காணோம்.

“புடுங்கப் போனேன். தொடாதே, அது ஆதாரம்னுட்டாரு தலைவரு. மூணு நாளைக்கு முந்தி ரேஞ்சர் மேடம் வந்து பாத்தாக. இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேட்டாக. அந்தாளு நிண்ட எடத்துலயே என்னையக் கைகாட்டிட்டாரு. களை தீந்துபோனா காவக்காரி சோலி போயிரும்னு நானே கொண்டாந்து வச்சேனாம்!”

“வாய் கூசாம சொன்னாரா?”

“கண்ணுல தண்ணி வேற விட்டாருக்கா. அன்னிக்கே என்னையக் கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாக. இன்னிக்குப் பதினோரு மணிக்கு விழா. அதுக்குள்ள, ஆமா நாந்தான் வச்சேன்னு எழுதுன தாள்ல கையெழுத்துப் போடணுமாம். போட்டா கேசு இல்லாம விட்டுருவாகளாம். சோலி போனாப் போகட்டும்க்கா. நேத்துச் சாயங்காலத்துல இருந்து தாய் நீர்நாய் விசிலடிக்கிற மாதிரி கத்திக்கிட்டே கெடக்கு. அக்கரையில நிண்டு கேட்டேன். குட்டிகளுக்கு என்னமோ ஆகிப்போச்சு. போயிப் பாக்க விடமாட்டேங்குறாய்ங்க.”

மகாராணி கையைக் கழுவினாள். மணி ஒன்பது இருபது.

“ஜீப்பை எடு சுடலை. வெரசா.”

வழி நெடுக பேனர். ‘மாபெரும் களை அகற்றும் பெருவிழா’. முந்தல் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் கோட்டைச்சாமி கைகூப்பிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு புலி நின்றது. கம்ப்யூட்டர்காரனுக்கு நீர்நாய் படம் கிடைக்கவில்லை போலும். அல்லது தலைவருடைய மீசைக்குப் புலிதான் பொருத்தம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

“மொட்டை போட்டா விழா, காது குத்துனா விழா. களை புடுங்குறதுக்கு விழா எடுத்து இப்பத்தான்க்கா பாக்குறேன்,” என்றான் சுடலை.

“உன் வயக்காட்டுல நீ களை புடுங்குனப்ப எத்தனை பேர் வந்தாக?”

“ஒரு நாயி வந்துச்சு. அதுவும் என்னையக் கடிக்க.”

கேட்டில் கோட்டைச்சாமியே நின்றிருந்தார். ஏலக்காய் வியாபாரி. வேட்டியும் சட்டையும் கண்ணைக் கூசும் வெள்ளை. மண்ணைக் காப்பாற்றுகிறவர் மேல் ஒரு துளி மண் இல்லை. ஜீப்புக்குள் சுருளியம்மாளைப் பார்த்ததும் முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டார்.

“அவளுக்காகப் பேச வந்தியாம்மா? பாவம், இல்லாதவ. பொழப்புக்காகச் செஞ்சுட்டா. நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன்.”

கேட்காமலே மன்னிக்கிறவர்கள் பெரும்பாலும் தப்பைச் செய்தவர்களாகத்தான் இருக்கிறார்கள். மகாராணி இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அவ உள்ள வரமாட்டாண்ணே, ஜீப்புலயே இருப்பா. எனக்கு ஒரு அழைப்பிதழ் குடுங்க. போடியில இருந்துக்கிட்டு உங்க விழாவுக்குப் பத்திரிகை இல்லேன்னா எனக்குல்ல கௌரவக் குறைச்சல்.”

அது வேலை செய்தது. தலைவர் பூரித்துப்போய்க் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். கதவுப் பலகை கனத்துக்கு ஒரு அட்டை. ஒருபக்கம் முழுக்கப் பெயர்கள். கடைசியில், அட்டையின் அடி ஓரத்தில், அவசரமாக ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று. மகாராணி அதை நகத்தால் நெருடிப் பார்த்தாள், பேசாமல் இடுப்பில் செருகிக்கொண்டு கரைக்கு இறங்கினாள்.

கரை அழகாக இருந்தது. சுருளியம்மாளின் கன்றுகள் ஆள் உயரத்துக்கு நின்றன. நடுநடுவே அந்தப் புதர்கள், மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக்கொண்டு. பந்தல்காரப் பையன்கள் காலையில் ஊற்றிய தண்ணீர் அடியில் இன்னும் காயவில்லை.

சுடலை எட்டு வைத்து நடந்து அளந்தான். “பத்தடி, பத்தடி, பத்தடி. ஏக்கா, காட்டுல வெத விழுந்து மொளைக்கிறது கயிறு புடிச்சா மொளைக்கும்?”

“முன்னால பாரு.”

ஒவ்வொரு புதருக்கும் முன்னால் நாலடிச் சதுரத்துக்குப் புது மணல் கொட்டிச் சமன் செய்திருந்தது. செருப்புக்கால் சேறு படாமல் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். எதிரே காமிரா வைக்கவும் இடம் விட்டிருந்தார்கள். நடுவில் நின்ற புதர் மட்டும் மற்றதைப்போல் இரண்டு மடங்கு.

மகாராணி குனிந்து ஒரு தண்டைப் பிடித்தாள். சுடலை பல்லைக் கடித்தான், உண்ணித் தண்டைப் பிடித்தால் உள்ளங்கை கிழியும் என்பது ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். மகாராணியின் கையில் ஒரு கீறல் விழவில்லை. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு முள்ளைக் கத்தியால் பக்குவமாகச் சீவியிருந்தார்கள். அடுத்த புதரிலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படி.

“ரொம்ப மரியாதை தெரிஞ்ச செடியால்ல இருக்கு,” என்றான் சுடலை.

“சுருளி வஞ்சகத்துல வச்சிருந்தா முள்ளை எதுக்குச் சீவப் போறா? நல்லாக் குத்தட்டும்னுல்ல விட்டிருப்பா.” மகாராணி தண்டை லேசாக அசைத்தாள். மண் பொலபொலவென்று இளகிக் கிடந்தது. “வேர் புடிக்கிறதுக்கு வச்ச செடி இல்ல இது. இழுத்தா உடனே வர்றதுக்கு வச்சது.”

வரிசையின் கடைசியில், கிழட்டு நீர்மருது ஒன்றின் வேர்களுக்கு நடுவே இன்னொரு புதர் இருந்தது. இலை வாடித் தொங்கியது, நேற்று வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். இளகிய மண்ணில் நிற்காது என்று பயந்தோ என்னவோ, இதற்கு மட்டும் சுற்றிலும் கல் அடுக்கி மண்ணை மிதித்து இறுக்கியிருந்தார்கள். கல்லுக்கு வெளியே ஏதோ பிராணி பிறாண்டிய தடம் இருந்தது. அக்கரையிலிருந்து ஒரு விசில் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

“இது பதிமூணாவது,” என்றான் சுடலை.

“மகாராணியம்மா!” பின்னாலிருந்து குரல் வந்தது. வனச்சரகர் பவதாரணி. முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சீருடை. கையில் சுருளியம்மாள் கையெழுத்துப் போட வேண்டிய தாள். “உங்களைப் பத்தி நல்லவிதமாக் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா இது எனக்கே சந்தேகம் இல்லாத கேஸ். பன்னிரண்டு செடி, நானே எண்ணி ரிப்போர்ட் எழுதியிருக்கேன். அந்தம்மாவைத் தவிர இங்க செடி நடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.”

“இப்ப எண்ணுங்க மேடம்.”

பவதாரணி எண்ணினாள். புருவம் சுருங்கியது. “பதின்மூணு.”

“மூணு நாளா சுருளி கேட்டுக்கு வெளிய. காவலுக்கு நிக்கிறது உங்க ஆளு. கடைசிச் செடி நேத்து வச்சது. அவ என்ன பறந்து வந்தா வச்சா?”

“ஓடையைத் தாண்டி வந்திருக்கலாம்.”

“வந்திருக்கலாம். வந்து, மணலைக் கொட்டி, முள்ளைச் சீவி, பந்தல்காரனை விட்டுத் தண்ணியும் ஊத்தச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்.” மகாராணி இடுப்பிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். “சரி, இதையும் எண்ணிருங்க. களை புடுங்கப் போறவுக பேரை மட்டும்.”

பவதாரணி விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். தலைமை விருந்தினர், முன்னிலை, சிறப்புரை, வாழ்த்துரை. “பன்னிரண்டு.” விரல் ஸ்டிக்கரில் வந்து நின்றது. அடுத்த எண்ணை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் கறுத்தது.

“களையை ஒண்ணுவிடாம ஒழிச்சுட்டா சுருளி,” என்றாள் மகாராணி. “களையே இல்லாத கரையில களை எடுக்குற விழா எப்படி எடுப்பாக? அதான் ஆளுக்கொரு புதரு.”

“பொண்ணு இல்லாத வீட்டுல கல்யாணம் வச்ச கதைதான்,” என்றான் சுடலை.

“எண்ணிக்கை தற்செயலாப் பொருந்தலாம்.” பவதாரணியின் குரலில் பழைய உறுதி இல்லை. “இதை வச்சுக்கிட்டு ஒரு பெரிய மனுஷர் மேல நான் எப்படி…”

“வேணாம் மேடம். ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. நடுவுல நிக்குதுல்ல பெருசு, அதைப் புடுங்குங்க. களைதானே? அதைப் புடுங்க உங்களுக்கு இல்லாத அதிகாரமா?”

பவதாரணி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். பிறகு போய் அந்தப் பெரிய புதரின் தண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு இழுப்புக்கே பாதி வேர் வெளியே வந்துவிட்டது.

பந்தலிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. கோட்டைச்சாமி ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் வேட்டி நுனியுமாக ஓடி வந்தார். அறுபது வயதில் யாரும் அப்படி ஓடக் கூடாது.

“மேடம்! மேடம்! அதை விடுங்க! அது தலைமை விருந்தினரோடது! உங்களுது கடைசிப் புதரு மேடம், அந்தா அந்த மருத மரத்தடியில! போட்டோக்காரர் வராம ஏன் மேடம் அதுக்குள்ள…”

சொல்லிக்கொண்டே வந்தவர் மகாராணியைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. மூடி என்ன பிரயோசனம்?

“புதருக்கெல்லாம் பட்டா போட்டுக் குடுத்துட்டீகளாண்ணே?” என்றான் சுடலை. “வில்லங்கம் பாத்தீகளா?”

“இதுல என்னய்யா தப்பு?” கோட்டைச்சாமி சந்தனக் கிண்ணத்தை ஆட்டினார். “ஒரு விழான்னா ஏற்பாடு வேணாமா? பெரிய மனுசங்களைக் கூப்பிட்டு வெறுங்கையோட நிக்க வைக்க முடியுமா? ஒருத்தருக்குச் சின்னப் புதரு, ஒருத்தருக்குப் பெரிய புதருன்னா அதுக்கு வேற மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாக. தலைமை விருந்தினரோடது போக மீதிப் பதினொண்ணையும் ஒரே அளவாத் தேடிக் கொண்டாரதுக்குள்ள எனக்குப் பாதி உசிரு போச்சு!”

“சுருளியம்மாவைச் சொன்னீங்களே,” என்றாள் பவதாரணி.

“நீங்க திடீர்னு வந்து நின்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? வாயில வந்தது அதுதான். அவளுக்கென்ன, வேற எங்கயாச்சும் சோலி பாத்துக்குவா.” தலைவருக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. “நீங்க மட்டும் என்ன மேடம்? முந்தாநாள் போன் பண்ணி, வனத்துறைக்காரி பேரு பத்திரிகையில ஏன் இல்லைன்னு கேட்டது யாரு? உங்களுக்காகத்தானே ஸ்டிக்கர் அடிச்சேன்! உங்களுக்காகத்தானே நேத்து அவசர அவசரமா ஒரு புதரைத் தேடி, எடம் இல்லாம, ஏதோ ஒரு பொந்தை அடைச்சு அது மேல…”

பவதாரணி மருத மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டுப் பக்கமிருந்து சுருளியம்மாள் ஓடி வந்துகொண்டிருந்தாள். தலைவருடைய கத்தல் ஜீப்பு வரைக்கும் போயிருந்தது. காவலுக்கு நின்றவன் தடுக்கப் பார்த்தான், அவனைத் தள்ளிவிட்டு வந்தாள்.

“மருத மரத்தடியிலயா வச்சீக? அடப் பாவிகளா, அதுதான்யா அது குட்டி போட்ட பொந்து!”

கல்லைச் சுடலை எடுத்து எறிந்தான். பவதாரணி மண்டி போட்டுப் புதரைப் பிடித்தாள். இதற்கும் முள் சீவியிருந்தார்கள், மரியாதையில் குறை வைக்கவில்லை. ஆனால் மிதித்து இறுக்கிய மண் விடவில்லை.

“மண்ணை உள்ள தள்ளாதீக, குட்டி மேல விழுந்துரும்,” என்று சுருளியம்மாள் அதட்டினாள். “கையால உங்க பக்கமாச் சுரண்டுங்க. மெதுவா.”

பவதாரணி அவள் சொன்னபடி செய்தாள். நகத்துக்குள் மண் ஏறியது. பொந்தின் வாய் திறந்ததும் சுருளியம்மாள் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை விட்டாள். ஒரு குட்டி வந்தது, கீச்சென்றது. இரண்டாவது வந்தது, அதுவும் வாயைத் திறந்தது. மூன்றாவதை எடுத்து உள்ளங்கையில் வைத்து, நெஞ்சில் தேய்த்து, வாயால் ஊதிப் பார்த்தாள். அது அசையவில்லை.

சுடலை தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினான்.

“ரெண்டையும் உள்ள வச்சிருவோம். மனுச வாடை ரொம்பப் படக் கூடாது,” என்றாள் சுருளியம்மாள். செத்த குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டாள்.

கேட்டுப் பக்கம் கார் ஹாரன் கேட்டது. ஒன்று இரண்டு மூன்றாகப் பெருகியது. கோட்டைச்சாமி கையைப் பிசைந்தார். “மேடம், தலைமை விருந்தினர் வந்துட்டாரு. ஆனது ஆச்சு. கையைக் கழுவிட்டு வந்தீகன்னா…”

“ஒருத்தரும் கரைக்கு இறங்கக் கூடாது,” என்றாள் பவதாரணி. “பொந்தை அடைச்சது, கன்றைப் பிடுங்கினது, களையைக் கொண்டுவந்து நட்டது, எல்லாத்துக்கும் உங்க மேல இன்னைக்கே கேஸ். எந்தப் புதர் யாருக்குன்னு பேர் பேரா எழுதுவேன்.”

“ஐயோ, பேரெல்லாம் வேணாம் மேடம்! அவுக பேரு வந்துச்சுன்னா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது!”

“என் பேரும் சேர்த்துத்தான் எழுதுவேன்.” அவள் சுருளியம்மாளின் தாளை வெளியே எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். “சுருளியம்மா, நான்…”

“பெறகு பேசுவோம் மேடம். மொதல்ல எல்லாரும் மரத்துக்கு அந்தப் பக்கம் போங்க. தாய் வரணும்.”

அன்று அந்தக் கரையில் அதிகாரம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தலைவரைச் சுடலை தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போனான். மற்ற மூவரும் நாவல் கன்றுகளுக்குப் பின்னால் குந்தினார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று. அக்கரைப் பாறையிடுக்கிலிருந்து ஒரு தலை நீரில் இறங்கியது. மருத மரத்தடியில் ஏறி, முகர்ந்து, பொந்துக்குள் நுழைந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து அக்கரைக்குக் கொண்டுபோனது. திரும்பி வந்து இரண்டாவதைக் கொண்டுபோனது. சுருளியம்மாள் விட்ட மூச்சு மகாராணிக்குக் கேட்டது.

பிறகு அது மறுபடியும் வந்தது. பொந்துக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. வாசலில் நின்று விசிலடித்தது.

“இன்னும் எதைத் தேடுது?” என்று பவதாரணி கிசுகிசுத்தாள்.

“மூணு பெத்தவ மேடம். ரெண்டுதான் கெடைச்சுருக்கு.”

சுருளியம்மாள் எழுந்தாள். குனிந்தபடியே தண்ணீர் ஓரம் போய், துண்டைப் பிரித்து, ஈரக் கல் மேல் அந்தக் குட்டியை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். பவதாரணி பார்க்க மாட்டாமல் மண் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தாய் வந்து முகர்ந்தது, நக்கியது, அதையும் கவ்விக்கொண்டு ஓடையைக் கடந்து போனது.